ஆமையும் ஆதியாகமமும்

காரைக்கால் கோவில்பத்தில் ஊழியம் செய்த நாட்களில், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அரசலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, மணலில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்களுள் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இது டைனோசர் காலத்திலேயே இருந்த இனம் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார். ஐந்தாம் நாளில் ஆண்டவர் கடற்பிராணிகளை உண்டாக்கினார் என்று நீங்கள் சொன்னீர்கள். எதை ஐயா எழுதுவது?"

"பரீட்சையில் வாத்தியார் சொன்னதை எழுது, கோயிலில் நான் சொன்னதை நம்பு" என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்த விடை சாமர்த்தியமானது, ஆனால் உண்மையானதன்று. கடவுளுக்கு ஓர் உலகம், பள்ளிக்கூடத்துக்கு வேறோர் உலகம் என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றை நம்புவதற்கும் மற்றொன்றை எழுதுவதற்கும் அந்தப் பிள்ளையைப் பழக்கினேன். வானத்தையும் பூமியையும் படைத்த ஒரே கடவுளை அறிக்கையிடும் சபை அவ்வாறு போதிக்கலாகாது. அவனுக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையே இக்கட்டுரை. ஊழியத்தில் இருப்பவர்களுக்கும் ஊழியத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கும் இது பயன்படுமென நம்புகிறேன்.

1. திருமறையில் ஆமை

நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஆமை என்னும் சொல் லேவியராகமம் 11ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தில், தீட்டான பிராணிகளின் பட்டியலில் வருகிறது. அங்குள்ள எபிரெயச் சொல்லுக்கு உறவான அரபுச் சொல் பாலைநிலத்தில் வாழும் முள்வால் பல்லியைக் குறிப்பது. ஆகவே மூலத்தில் கருதப்பட்டது ஒருவகைப் பெரும்பல்லியே என்பது பிற்கால அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின், நம் கரைக்கு வரும் இப்பிராணியைத் திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பெயர் சொல்லாவிட்டாலும், எந்த நாளில் இதைச் சேர்ப்பது? ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் நீரில் நீந்துவன ஐந்தாம் நாளுக்கும், தரையில் ஊர்வன ஆறாம் நாளுக்கும் உரியவை. கடலாமையோ வாழ்நாளெல்லாம் நீரில் நீந்துகிறது; முட்டையிட மட்டும் தரையில் ஊர்ந்து வருகிறது. அது இரண்டு நாட்களுக்கும் உரியது. ஒன்றிலும் முழுவதும் அடங்காதது. அந்த அதிகாரம் விலங்கியல் வகைப்பாடு அன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. வானம், கடல், நிலம் ஆகிய மூன்றும் அவற்றில் வாழும் யாவும் ஒரே ஆண்டவருக்குச் சொந்தம் என்று ஆராதனையின் தொனியில் அறிக்கையிடுவதே அதன் நோக்கம்.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்வேறுபாடு புதியதன்று. அகநானூற்றின் 160ஆம் பாடல், சூல் கொண்ட ஆமை கடற்கரை மணலில் முட்டைகளைப் புதைத்து மறைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அவற்றைக் காப்பதையும் கூறுகிறது. முதற்பகுதி கண்ணால் கண்ட உண்மை. பிற்பகுதி அவ்வாறன்று: நம் கரையில் முட்டையிடும் ஆமையில் ஆண் கரையேறுவதில்லை, தாயும் முட்டையைப் புதைத்ததும் திரும்பிப் பாராமல் கடலுக்குச் சென்றுவிடும். இதனால் அப்பாடல் பொய்யாகிவிடுமா? அது சொல்ல வந்தது அன்பின் காவலைப்பற்றி. அதை அது சரியாகவே சொல்லிவிட்டது. சங்கப் பாடலுக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையை ஆதியாகமத்துக்கு ஏன் மறுக்கிறோம்?

2. ஓடு என்பது வீடன்று

ஆமையின் ஓட்டை அது சுமந்து திரியும் வீடு என்று பிரசங்கங்களில் சொல்லுகிறோம். நத்தைக்கு அது ஓரளவு பொருந்தும், ஆமைக்குப் பொருந்தாது. ஆமையின் ஓடு அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளுமே. விலா எலும்புகள் அகன்று தட்டையாகி, ஒன்றோடொன்று இணைந்து, மேலே கொம்புத் தகடு போர்த்திருப்பதே முதுகோடு. மற்ற முதுகெலும்புப் பிராணிகளில் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்க, ஆமையில் மட்டும் அது விலாக்கூட்டுக்குள்ளே இருக்கிறது.

இதன் விளைவொன்றைக் கவனிக்க வேண்டும். நாம் மூச்சு விடும்போது விலா எலும்புகள் விரிந்து சுருங்குகின்றன. ஆமையின் விலா எலும்புகள் அசைய முடியாதவை. ஆகையால் வயிற்றுப்பக்கத் தசைகளால் உள்ளுறுப்புகளை அழுத்தியும் தளர்த்தியும் அது சுவாசிக்கிறது. அது சுவாசிப்பது நுரையீரலால், காற்றையே. கடலாமை மீனன்று, குறித்த நேரத்தில் மேலே வந்து மூச்சு வாங்காவிடில் அது கடலிலேயே மூழ்கிச் சாகும். கோவில்பத்துக் கடற்கரையில் பிள்ளைகள் கண்ட ஆமையின் மரணத்துக்கு விளக்கம் பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது.

3. 22 கோடி ஆண்டு வரலாறு

இத்தகைய விசித்திரமான உடல் எவ்வாறு உண்டாயிற்று என்பது நீண்டகாலம் புதிராக இருந்தது. ஜெர்மனியில் கிடைத்த, சுமார் 21 கோடி ஆண்டுப் பழமையான புரோகனோகெலிஸ் என்னும் ஆமைக்கே முழு ஓடு இருந்தது. பாதி ஓடுள்ள ஆமை எங்கே என்று கேட்டவர்களுக்கு விடை இல்லாதிருந்தது.

2008ஆம் ஆண்டு சீனாவிலிருந்து ஒரு விடை வந்தது. ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒடோன்டோகெலிஸ் என்னும் பிராணியின் புதைபடிவத்தில் வயிற்றோடு முழுமையாக இருந்தது. முதுகிலோ அகன்ற விலா எலும்புகள் மட்டும் இருந்தன. இன்றைய ஆமைகளுக்கு இல்லாத பற்களும் அதன் வாயில் இருந்தன. 2015இல் ஜெர்மனியிலிருந்து விவரிக்கப்பட்ட பாப்போகெலிஸ் இன்னும் பழையது: 24 கோடி ஆண்டு. அதற்கு ஓடே இல்லை. ஆனால் விலா எலும்புகள் தடித்து அகன்றிருந்தன. தென்னாப்பிரிக்காவில் கிடைத்து 1892இல் பெயரிடப்பட்ட யூனோடோசாரஸ் சுமார் 26 கோடி ஆண்டுப் பழமையுடையது; அதற்கும் அகன்ற விலா எலும்புகள் உண்டு. மண்ணைத் தோண்டும் கால்களுக்கு உறுதியான உடல் தேவைப்பட்டதால் விலா எலும்புகள் முதலில் அகன்றிருக்கலாம் என்றும், பாதுகாப்பு என்னும் பயன் பின்னர் வந்தது என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

பரிணாமம் என்பதன் பொருளை இவ்வரிசை தெளிவாகக் காட்டுகிறது. ஒரே இரவில் பல்லி ஆமையாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து சிறிது வேறுபடுகின்றன. அந்த வேறுபாடுகளுள் வாழ்வுக்கு உதவுவன எஞ்சி வழிவழியாய்த் தொடர்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிறிய வேறுபாடுகள் பெரிய மாற்றமாகின்றன.

மண்டையோட்டில் பக்கத்துளைகள் இல்லாமையால், ஊர்வனவற்றுள் ஆமையே மிகத் தொன்மையான கிளை என்று முன்பு பாடநூல்கள் எழுதின. இந்த நூற்றாண்டில் நடந்த மரபணு ஆய்வுகளோ ஆமைக்கு நெருங்கிய உறவினர் முதலைகளும் பறவைகளுமே என்று காட்டியுள்ளன. காரைக்கால் கரையில் முட்டையிடும் ஆமைக்கும், அந்த முட்டையைக் கொத்த வரும் காக்கைக்கும் ஒரு பொது மூதாதை உண்டு.

'வாழும் புதைபடிவம்' என்னும் தொடரை டார்வின் 1859இல் பயன்படுத்தினார். நியூசிலாந்தில் மட்டும் வாழும் டுவாடாரா இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. பார்வைக்குப் பல்லிபோல் இருந்தாலும் அது பல்லியன்று. ஒரு பெருங்குலத்தில் எஞ்சிய ஒரே இனம். அக்குலத்தின் உறவினர்கள் ஒருகாலத்தில் நம் நாட்டிலும் வாழ்ந்தன. கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளிலிருந்து அவற்றின் தாடைத் துண்டுகள் 2001இல் விவரிக்கப்பட்டன. ஆயினும் பழமையான குலம் என்பதற்கு மாறாத குலம் என்று பொருளில்லை. டுவாடாராவும் மாறியது, ஆமையும் மாறியது.

4. கடலுக்குத் திரும்பிய குடும்பம்

அந்த மாற்றங்களுள் பெரியது, நிலத்தில் வாழ்ந்த ஆமைகளுள் சில கடலுக்குச் சென்றது. இதுவரை அறியப்பட்ட பழைய கடலாமைகளுள் ஒன்று கொலம்பியா நாட்டில் கிடைத்தது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. கடலுக்குச் சென்றபோது கால்கள் துடுப்புகளாயின. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆற்றல் போயிற்று. ஐம்பொறிகளை அடக்குவதற்குத் திருவள்ளுவர் உவமையாக்கிய ஆமை குளத்து ஆமையேயன்றிக் கடலாமையன்று. உப்பு நீரைக் குடிக்கும் உடல் மிகுதியான உப்பைக் கழிக்கக் கண்ணருகே சுரப்பிகள் பெருத்தன. முட்டையிடும் ஆமை கண்ணீர் விடுவதைப் பிரசவ வேதனைக்கு உவமையாகச் சொல்லிய பிரசங்கிகள் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். அது உப்பை வெளியேற்றும் நீர். தண்ணீரிலிருக்கும்போதும் அது சுரந்துகொண்டேயிருக்கிறது.

இவ்வளவு மாறியும் ஒன்று மாறவில்லை. ஓட்டுக்குள்ளிருக்கும் கரு காற்றைச் சுவாசிக்க வேண்டும். கடல்நீரில் இட்ட முட்டை அழிந்துபோகும். ஆகவே 12 கோடி ஆண்டு கடலில் வாழ்ந்த குடும்பத்தின் தாய் இன்றும் நிலத்துக்கு வந்தே தீரவேண்டும். அதன் முன்னோர் நிலத்தில் வாழ்ந்த கதை அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்று உலகில் ஏழு கடலாமை இனங்களும், அவற்றுள் இந்தியக் கடலில் ஐந்தும் உள்ளன. அவற்றுள் ஒன்று முதுகில் ஏழு வரிகளுடைய ஏழுவரி ஆமை. அதன் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இனம். ஆயிரம் மீட்டருக்குக் கீழும் மூழ்கவல்ல அது இந்தியாவில் முட்டையிடும் முக்கியமான இடம் பெரிய நிக்கோபார்த் தீவு. காரைக்கால், நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கரைகளுக்கு வருவது ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமை. பங்குனி ஆமை என்றும் சொல்வர். ஓட்டின் நீளம் 60 முதல் 70 சென்டிமீட்டர். எடை 35 முதல் 50 கிலோ. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும் இதே இனம், நம் கரையில் தை முதல் பங்குனி வரை இரவில் தனித்தனியே வருகிறது.

5. ஆயிரத்தில் ஒன்று

தாய் ஆமை உயர்அலைக் கோட்டுக்கு மேலே பின்துடுப்புகளால் குழி தோண்டி, 100 முதல் 120 வரை முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுச் செல்கிறது. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது: ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேற்பட்டால் பெண்கள் மிகும், குறைந்தால் ஆண்கள் மிகும். குஞ்சுகள் இரவில் வெளிச்சமான அடிவானத்தை நாடி ஓடுகின்றன. இயற்கையில் அது கடலின் பக்கம்; இன்று பல இடங்களில் அது தெருவிளக்கின் பக்கம். கடலை அடைந்தவற்றுள்ளும் மிகப்பல இரையாகிவிடுகின்றன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முழு வளர்ச்சி அடைவதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அவ்வாறு தப்பிய பெண், பத்து ஆண்டுக்கு மேல் கடலில் வளர்ந்து, பூமியின் காந்தப்புலத்தை வழிகாட்டியாகக் கொண்டு, தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகிறது.

இங்கே இறையியல் மாணவர்கள் ஒரு வினாவைத் தவிர்க்க முடியாது. ஒன்று பிழைக்க 999 மடிவதை நல்ல கடவுளின் படைப்பு என்று எப்படிச் சொல்வது? எளிதான விடை என்னிடம் இல்லை. ஆனால் திருமறை இவ்வினாவை நமக்கு முன்பே அறிந்திருக்கிறது. 104ஆம் சங்கீதம் சிங்கக்குட்டிகள் இரைக்காக முழங்குவதை மறைக்காமல், அதையும் கடவுளிடம் ஆகாரம் கேட்பதாகவே சொல்கிறது. யோபு 39ஆம் அதிகாரம், முட்டைகளைத் தரையிலே விட்டுவிட்டு அவற்றை மறந்துபோகும் தீக்குருவியைக் கடவுள் தாமே சுட்டிக்காட்டுவதாகப் பாடுகிறது. ரோமர் 8இல் பவுல் சர்வ சிருஷ்டியும் பிரசவ வேதனைப்படுவதைப்பற்றி எழுதுகிறார். படைப்பின் தவிப்பைத் திருமறை மறைக்கவில்லை. அதைக் கடவுளுக்கு வெளியே வைக்கவும் இல்லை. பாடுபட்ட கிறிஸ்துவை ஆராதிக்கிற நாம் அந்த இடத்தில் நின்றே பேச வேண்டும்.

6. படைப்பும் பரிணாமமும்

பரிணாமத்தை ஏற்பது விசுவாசத்தை விடுவதாகும் என்று அஞ்சுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களைப் பரிகசிப்பது நமக்குத் தகாது. அவர்கள் காக்க நினைப்பது விலையுயர்ந்தது. ஆனால் அதைக் காக்கும் வழி வேறு.

டார்வினுக்கு 14 நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய பரிசுத்த அகுஸ்தீன், கடவுள் ஆதியில் எல்லாவற்றையும் வித்துகளைப்போல் படைப்புக்குள் வைத்தார் என்றும், அவை ஏற்ற காலத்தில் வெளிப்பட்டன என்றும் கருதினார். அவர் பரிணாமத்தைப் போதிக்கவில்லை. எனினும் காலத்தின் வழியாய் நிகழ்வதும் கடவுளின் படைப்பே என்பதற்கு இடமளித்தார். இயற்கையைப்பற்றிக் கிறிஸ்தவர்கள் அறியாமையால் பிதற்றினால், அறிந்தவர்கள் வேதத்தையே இகழ்வார்கள் என்றும் அவர் எச்சரித்தார். ஆதியாகமமும் கடவுள் நீரையும் பூமியையும் நோக்கி உயிர்களைப் பிறப்பிக்கும்படி கட்டளையிட்டதாகச் சொல்கிறது. கட்டளை அவருடையது, பிறப்பிப்பதில் நீருக்கும் பூமிக்கும் பங்கு உண்டு. தாயின் கருவில் பத்து மாதம் வளர்ந்த பிள்ளையைக் கடவுளின் ஈவு என்று ஞானஸ்நானத்தில் அறிக்கையிடுகிறோம். கரு வளரும் விதம் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருப்பதால் அந்த அறிக்கை பொய்யாவதில்லை. 22 கோடி ஆண்டில் வளர்ந்த ஓட்டுக்கும் அதுவே நியாயம்.

இயற்கை ஆராய்ச்சி நம் சபைக்கு அந்நியமுமன்று. காரைக்காலுக்கு வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் 1771 முதல் 1813இல் மரிக்கும்வரை ஊழியம் செய்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் ஐயர், நம் கடலின் மீன்களைச் சேகரித்துப் பெர்லினிலிருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். கத்தாளை மீன்களின் பேரினத்துக்கு ஜோனியஸ் என்று அவர் பெயரையே பிளாக் சூட்டினார். அவற்றுள் ஒன்றின் சிறப்புப் பெயர் கருத்தா. நம் மீனவர் சொன்ன 'கருத்த கத்தாளை' லத்தீனில் ஏறிவிட்டது. மண்ணுளிப் பாம்பின் அறிவியற்பெயரும் அவரை நினைவுகூர்கிறது. பிரசங்க பீடத்தில் நின்ற அதே மனிதர், மீனவர் சொல்லைக் கேட்டு மீனை எண்ணினார்.

7. ஆயருடைய கடமை

காரைக்காலுக்கு மேற்கே அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகள் ஒருகாலத்தில் கடலடி. அங்கே சுருள் சுருளாய்க் கிடைக்கும் அம்மோனைட் ஓடுகள், முற்றிலும் மறைந்துபோன ஒரு குலத்துக்குச் சொந்தமானவை. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதியதையொட்டி நேர்ந்த பேரழிவில் அம்மோனைட்டுகள் அழிந்தன. பறவைக்குலம் நீங்கலாக டைனோசர்கள் அழிந்தன. கடலாமைகள் தப்பின. அதற்குத் தப்பியவை இழுவை மடிக்குத் தப்பவில்லை. 2025 ஜனவரியில் சென்னையை அடுத்த கரைகளில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. வலைக்குள் அகப்பட்ட ஆமை மூச்சு வாங்க மேலே வரமுடியாமல் மூழ்கிச் சாகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. ஆனால் அது தொடங்குமுன் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வலைக்குள் சாய்வாகப் பொருத்தும் கம்பித் தட்டி ஒன்று உண்டு. இறால் கம்பிகளுக்கிடையே சென்றுவிட, ஆமை தட்டியில் மோதித் திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப அதை வடிவமைத்துள்ளது. பிடிபட்டதில் ஒரு பகுதி திறப்பின் வழியே போய்விடும் என்பதே படகுக்காரரின் தயக்கம்.

இந்நிலையில் ஆயர் என்ன செய்வது? முதலாவது, மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாகாது. கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளி படகின் உடைமையாளரல்லர். 2004 டிசம்பர் 26இல் கடல் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை நாம் மறக்கலாகாது. வலையில் ஏறிய ஆமையை உயிரோடு விட்டுவிடுகிறவர்களும் அவர்களே. இரண்டாவது, உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், குருவிக்கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் பிடிக்காமல் தாயைப் போகவிட வேண்டுமென்னும் சட்டம் இருக்கிறது. பிழைப்புக்காக எடுப்பதை அது தடுக்கவில்லை. பிறப்பின் ஊற்றை அழிப்பதைத் தடுக்கிறது. கம்பித் தட்டி பொருத்துவது அந்தச் சட்டத்தின் இக்கால வடிவம் என்று படகுக்காரரோடு அமர்ந்து பேசலாம். மூன்றாவது, கரையோரச் சபைகள் தை முதல் சித்திரை வரையாவது கடலை நோக்கிய விளக்குகளை இரவில் அணைக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம் பழமொழி. இங்கே ஆமை நம் வீட்டுக்குள் புகவில்லை. 12 கோடி ஆண்டாக அது குடியிருந்த கடலுக்குள் நாமே அமீனாவாகப் புகுந்திருக்கிறோம்.

அந்தப் பையன் இன்று எங்கேனும் இதைப் படிக்கக்கூடுமானால், அவனுக்கு இதைச் சொல்வேன்: தம்பி, வாத்தியார் சொன்னது உண்மை. அதைப் பரீட்சையிலும் எழுது, கோயிலிலும் சொல். ஆண்டவர் இதை உண்டாக்கினார் என்பதும் உண்மை. அவர் எவ்வளவு பொறுமையாய் உண்டாக்கினார் என்பதைத்தான் வாத்தியார் உனக்குச் சொன்னார். அதை அன்று நான் உனக்குச் சொல்லாமல் விட்டேன்.